வேலையும் விலாசமும்

வாசலில் மணி அடித்தால் நாம் உடனே கதவைத் திறந்துவிடுவதில்லை. ஜன்னல் வழியே பார்க்கிறோம். "யார்? எங்கேயிருந்து வருகிறீர்கள்? யாரைப் பார்க்க வேண்டும்?" என்று மூன்று கேள்வி கேட்கிறோம். காஸ் அடுப்பைப் பரிசோதிக்க வந்தேன் என்றால், அடையாள அட்டையைக் காட்டச் சொல்கிறோம். இத்தனை ஜாக்கிரதையும் கைபேசியைக் கையில் எடுத்தவுடன் எங்கே போய்விடுகிறது? "வீட்டிலிருந்தே வேலை, தினம் மூவாயிரம், அனுபவம் தேவையில்லை" என்று ஒரு வரி வந்தால் போதும். பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம், ஆதார் எண், பான் எண், பாங்குக் கணக்கு என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிடுகிறோம்.

இந்த வாரம் இதை எழுதக் காரணம், வந்து சேர்ந்திருக்கும் கடிதங்கள். எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றேதான்: "இணையத்தில் ஒரு வேலை விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?"

பதில் சொல்லுமுன் ஒரு வார்த்தை. இப்படி ஏமாந்தவர்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "பேராசை பெருநஷ்டம்" என்று ஒரே அடியில் தள்ளிவிடும் ஆண்பிள்ளைகள் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. குழந்தைகள் பள்ளிக்கூடம் போனபின் பத்து மணி முதல் மூன்று மணி வரை வீட்டில் தனியாக இருப்பவள், பி.காம். பட்டத்தைப் பீரோவில் மடித்து வைத்திருப்பவள், அந்த நேரத்தை நாலு காசாக்க நினைப்பது பேராசையா? நியாயமான ஆசை. அந்த ஆசையைத் தெரிந்துகொண்டுதான் வலை பின்னுகிறார்கள். 2023 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம், பகுதி நேர வேலை மோசடியிலும் முதலீட்டு மோசடியிலும் ஈடுபட்ட நூற்றுக்கும் அதிகமான இணையதளங்களை முடக்கியது. இவர்கள் யாரைத் தேடி வருகிறார்கள் என்பதையும் அப்போது சொல்லிற்று: ஓய்வு பெற்றவர்கள், பெண்கள், வேலையில்லாத இளைஞர்கள். "வீட்டில் உட்கார்ந்தபடியே வேலை" என்று பொருள்படும் ஹிந்தி வாசகத்தைத்தான் தூண்டிலில் புழுவாகக் கோத்திருந்தார்கள்.

சரி, நல்ல தளங்களே இல்லையா? நிறைய இருக்கின்றன. நௌக்ரி 1997 முதல் நடக்கிறது. லிங்க்ட்இன், இன்டீட் என்று உலகம் முழுதும் பெயர் பெற்றவையும் உண்டு. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய தேசிய வாழ்க்கைத்தொழில் சேவைத் தளம் இருக்கிறது. தமிழ்நாடு அரசும் தனியார் துறை வேலைகளுக்கென்று ஒரு தளம் நடத்துகிறது. அரசுத் தளங்கள் இரண்டிலும் வேலை தேடுகிறவர் தம்பிடி கொடுக்க வேண்டியதில்லை. அரசுத் தளம்தானா என்று பார்க்க, விலாசம் "கவ்.இன்" என்று முடிகிறதா என்று பாருங்கள். முடிகிற இடம்தான் முக்கியம்; நடுவில் எங்கேயாவது "கவ்" என்று செருகியிருந்தால் அது வேஷம்.

ஆனால் தளம் நல்லது என்பதால் அதில் வரும் ஒவ்வொரு விளம்பரமும் நல்லது என்று ஆகிவிடாது. தினசரிப் பத்திரிகையில் வரி விளம்பரம் வருகிறதே, அதைப்போலத்தான். பத்திரிகை பெரியது, விளம்பரம் கொடுத்தவர் யாரோ. தளத்தார் ஓரளவு சலித்துப் பார்க்கிறார்கள். சல்லடையில் தப்புவதும் உண்டு.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். வேலைத் தளத்தில் உங்கள் சுயவிவரத்தை ஏற்றியதும், அதைப் பார்ப்பது நீங்கள் விண்ணப்பித்த கம்பெனி மட்டும்தான் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. ஆள் தேடுகிறவர்கள் தளத்துக்குப் பணம் கட்டிவிட்டு, ஆயிரக்கணக்கான விவரங்களைப் புரட்டிப் பார்க்கலாம். தளங்கள் பிழைப்பதே பெரும்பாலும் அந்த வருமானத்தில்தான். ஆகவே நீங்கள் அனுப்புவது ஒட்டிய கவர் அல்ல, தபால் கார்டு. தபால் கார்டில் எதை எழுதுவோமோ அதை மட்டும் எழுதுங்கள்.

நம் பெண்கள் எழுதும் சுயவிவரங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். கல்யாணத்துக்கு ஜாதகக் குறிப்பு எழுதிப் பழகிய கை அல்லவா! தகப்பனார் பெயர், அவர் உத்தியோகம், பிறந்த தேதி, மதம், ஜாதி, விவாகம் ஆயிற்றா, குழந்தைகள் எத்தனை, கதவு எண்ணோடு முழு விலாசம், சில சமயம் பாஸ்போர்ட் எண் கூட. கணக்கு எழுதும் வேலைக்கு இதில் எது வேண்டும்? பெயர், படிப்பு, அனுபவம், "சென்னை, நங்கநல்லூர்" என்கிற அளவுக்கு இருப்பிடம், தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சல், ஒரு டெலிபோன் எண். இவ்வளவு போதும். அந்த மின்னஞ்சலும் பாங்குக் கணக்கோடு இணைத்திருப்பதாக இருக்க வேண்டாம். வேலை தேடுவதற்கென்றே ஒன்று திறப்பதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. வேலை கிடைத்ததும் விவரத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது பிறர் பார்வைக்குத் தெரியாமல் மறைத்து வையுங்கள். நல்ல தளங்களில் அதற்கு வழி உண்டு.

"இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்துவிடுவான்?" என்று கேட்பீர்கள். உங்கள் பான் எண்ணையும் ஆதார் நகலையும் வைத்துக்கொண்டு உங்கள் பெயரில் கடன் வாங்கப் பார்ப்பான். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒருமுறை உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கின் விதி. அதை வாங்கிப் பார்த்தால், நீங்கள் வாங்காத கடன் ஏதாவது உங்கள் பெயரில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இன்னொரு வகை இதைவிட மோசம். "உங்கள் கணக்குக்குப் பணம் வரும், கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்புங்கள், அதுதான் வேலை" என்பான். வருவது வேறு யாரோ ஒரு பெண்ணிடம் ஏமாற்றிய பணம். போலீஸார் முதலில் தட்டுவது உங்கள் வீட்டுக் கதவை.

சம்பளம் போட வேண்டுமானால் பாங்குக் கணக்கு எண் கேட்கத்தானே செய்வார்கள்? கேட்பார்கள். வருமான வரிக்குப் பான் எண் வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்கு ஆதார் வேண்டும். எப்போது கேட்கிறார்கள் என்பதுதான் பரீட்சை. விண்ணப்பம், பிறகு நேர்முகம், பிறகு வேலை தருகிறோம் என்று எழுத்தில் உத்தரவு, அதற்கும் பிறகு இந்தக் காகிதங்கள். பெண் பார்க்க வருமுன்பே பத்திரிகை அடித்து, சத்திரத்துக்கு முன்பணம் கேட்கிற சம்பந்தியை நாம் என்ன நினைப்போம்? உங்கள் தகுதியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் ஆதாரைக் கேட்கிறவனையும் அப்படியே நினையுங்கள்.

அந்தக் கட்டம் வந்த பிறகும் ஆதாரை முழுசாகக் கொடுக்க வேண்டிய அவசியம் அநேகமாக இராது. பன்னிரண்டு இலக்கங்களில் கடைசி நான்கு மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை, ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். நகலின் குறுக்கே "இன்ன கம்பெனிக்கு, இன்ன காரியத்துக்கு, இன்ன தேதியில்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். (சென்ற மாதம் ஒரு சகோதரி, தனக்கு வந்த நியமன உத்தரவு அசலா போலியா என்று விசாரித்து எனக்கு எழுதினார். கூடவே ஆதார், பான் இரண்டின் நகலும்! கிழித்துப் போட்டுவிட்டேன். தயவு செய்து எனக்கும் அனுப்பாதீர்கள்.)

கம்பெனியை எப்படி விசாரிப்பது? ஜி.எஸ்.டி. எண்ணைக் கேளுங்கள். பதினைந்து எழுத்தும் எண்ணுமாக இருக்கும். தமிழ்நாட்டில் பதிவானதென்றால் 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. தளத்தில் அதைப் போட்டால் யாருடைய பெயர், நடப்பில் இருக்கிறதா என்று காட்டிவிடும், கட்டணமில்லை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலும் பெயரைத் தேடலாம். ஆனால் இங்கேதான் படித்த பெண்களும் கோட்டை விடுகிறார்கள். கம்பெனி இருப்பது நிஜம் என்று தெரிந்ததும் மனசு சமாதானமாகிவிடுகிறது. கம்பெனி இருக்கிறது, சரி. உங்களோடு பேசுகிறவன் அந்தக் கம்பெனியின் ஆள்தானா? பெரிய கம்பெனியின் பெயரையும் சின்னத்தையும் திருடி நியமன உத்தரவு அச்சடிப்பது ஒரு காரியமே இல்லை. அவன் கொடுத்த எண்ணில் விசாரித்தால் அவனே பதில் சொல்வான். நீங்களே கம்பெனியின் சொந்தத் தளத்துக்குப் போய், அங்கே அந்த வேலை அறிவித்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். கடிதம் வந்த மின்னஞ்சலில் "அட்" குறிக்குப் பிறகு கம்பெனியின் பெயர் இருக்கிறதா, அல்லது யாரும் இலவசமாகத் திறக்கக்கூடிய ஜிமெயிலா என்பதும் பார்க்க வேண்டியது.

பண விஷயத்தில் நான் கண்டிப்பு. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு டெபாசிட், "திருப்பித் தரப்படும்" தொகை — பெயர் எதுவானாலும், வேலை தருகிறவன் உங்களிடம் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். நல்ல தளங்களிலும் சுயவிவரத்தை அழகாக எழுதித் தரக் கட்டணம் கேட்பதுண்டு. அது வேறு, வேண்டுமானால் வாங்கலாம், வேண்டாமென்றால் விடலாம். பணம் உங்களுக்கு வருவதற்கு யூ.பி.ஐ. ரகசிய எண்ணைப் போட வேண்டியதே இல்லை. பணம் போவதற்குத்தான் அது. திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொன்னாலும் கூடாது.

இப்போது அதிகம் நடப்பது வேறொரு தினுசு. வாட்ஸ்அப்பில் ஒரு பெண் பெயரில் செய்தி வரும். ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போட வேண்டும், வீடியோக்களுக்கு விருப்பக் குறி இட வேண்டும், அவ்வளவுதான் வேலை. செய்தால் நூற்றைம்பது ரூபாய் உண்மையாகவே கணக்கில் வந்து விழும். மறுநாளும் விழும். பிறகு டெலிகிராமில் ஒரு குழுவில் சேர்ப்பார்கள். அங்கே பலர், "எனக்கு இன்று நாலாயிரம் வந்தது" என்று குதூகலிப்பார்கள். அத்தனை பேரும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு. அதுவும் வரும்! பிறகு ஐயாயிரம், பிறகு முப்பதாயிரம். கைபேசித் திரையில் உங்கள் பெயருக்கு நேரே தொகை ஏறிக்கொண்டே போகும், கைக்கு மட்டும் வராது. எடுக்கப் போனால் வரி கட்டு, அபராதம் கட்டு என்பார்கள். முதல் நூற்றைம்பது ரூபாய் அவன் போட்ட முதல்.

தட்டச்சு வேலையில் இன்னொரு தந்திரம். ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, பக்கம் பக்கமாக அடிக்கச் சொல்வார்கள். முடித்துக் கொடுத்ததும் பிழை மலிந்திருக்கிறது, ஒப்பந்தத்தை மீறிவிட்டாய் என்று வக்கீல் பெயரில் நோட்டீஸ் வரும். நஷ்டஈடு கட்டாவிட்டால் கோர்ட், கைது என்று மிரட்டல். அதற்குப் பயந்து வளையலை அடகு வைக்காதீர்கள். அந்த நோட்டீஸையே புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.

வெளிநாட்டு வேலையானால், அயல்நாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் 1983-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலையில் உட்காரவைக்கப்பட்டார்கள். மகனை அனுப்பும் தாய்மார்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பெண்களுக்கென்று ஒன்று தனியே. கணக்கெழுதும் வேலைக்கு முழு உருவப் புகைப்படம் எதற்கு? இரவு பத்து மணிக்கு வீடியோவில் நேர்முகம் எதற்கு? மரியாதைக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். எண்ணைத் தடைசெய்துவிடுங்கள்.

ஏமாந்து போனால்? பணம் போனதைவிட வீட்டில் என்ன சொல்வார்களோ என்கிற பயம்தான் பெண்களை அதிகம் கொல்கிறது. மாமியாருக்குத் தெரியக்கூடாது, கணவருக்குத் தெரியக்கூடாது என்று சீட்டுப் பணத்தை எடுத்து, விட்டதைப் பிடிக்க மறுபடியும் கட்டுகிறார்கள். ஏமாற்றுகிறவன் நம்பியிருப்பது அந்த மௌனத்தைத்தான். தெரிந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யுங்கள். இந்தியா முழுவதற்கும் அது ஒரே எண். சீக்கிரம் சொன்னால், போன பணம் கைமாறிப் போகுமுன் பாங்குகளில் நிறுத்திவைக்க வழி இருக்கிறது. சைபர்கிரைம்.கவ்.இன் தளத்திலும் புகார் எழுதலாம். செய்திகளையும் ரசீதுகளையும் வெட்கத்தில் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. உங்கள் பாங்குக்கும் சொல்லுங்கள். ஆதார் நகல் போயிருந்தால், கைரேகை, கண் அடையாளங்களை ஆதார் செயலியிலேயே பூட்டி வைக்கலாம், வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.