சமகல்வி வந்தது, சமவூதியம் எங்கே?

"பெண்கள் படிக்கட்டும், படித்தால் அவர்தம் வருவாய் தானே உயரும்" என்று மேடைதோறும் உபதேசிக்கும் கனவான்களிடம் நாம் ஒரு கணக்குக் கேட்க விரும்புகிறோம்.

1945 இல் கன்னங்கராவும் அவர்தம் சகாக்களும் எதிர்ப்புகளைத் தாண்டி இலவசக் கல்வியைக் கொணர்ந்தனர். அதன் பயனை நம் பெண்கள் வீணாக்கவில்லை. இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் பயில்வோருட் பெரும்பான்மையோர் பெண்களே. ஆயினும் உழைக்கும் வயதுப் பெண்களுள் மூவரில் ஒருவரே தொழிற்படையில் உள்ளார். க.பொ.த. உயர்தரமும் அதற்கு மேலும் கற்றோரிடையே வேலையற்றோர் வீதம் ஆண்களிலும் பெண்களிடையே அதிகம். சம்பளம் பெறும் பெண்ணோ, சராசரியில், உடனுழைக்கும் ஆணுக்குக் கல்வியிற் குறைந்தவளல்லள். அங்ஙனமாயின் ஊதியத்தில் அவள் குறைவது எதனால்?

கல்வி பயனற்றது என்று நாம் கூறவில்லை. அரசாங்க ஆசிரியையும் ஆசிரியரும் ஒரே சம்பளத் திட்டத்திலேயே ஊதியம் பெறுகின்றனர். விதி காவல் நிற்குமிடத்திற் கல்விக்கு உரிய விலை கிடைக்கிறது. முதலாளியின் விருப்பமே விதியாகுமிடத்தில், சான்றிதழை நோக்குமுன் அதனை நீட்டும் கையையே நோக்குகிறார்கள்.

மலையகத்தைப் பாருங்கள். 1984 வரை கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியிலும் குறைவாகவே நிர்ணயிக்கப்பட்டிருந்தது. கவ்வாத்து வெட்டிய ஆண் பட்டதாரியா? இருவரையும் கல்வியினின்று விலக்கி வைத்தது ஒரே தோட்டந்தான். அந்த வேற்றுமையை ஒழித்தது பாடப்புத்தகமன்று, தொழிலாளரின் போராட்டம். கூலி சமமான பின்னும் ஆண் நண்பகலோடு வீடு திரும்ப, பெண் மாலைவரை மலையில் நிற்கிறாள். 1978 இல் திறந்த கட்டுநாயக்க வலயத்திலும் தையல் இயந்திரங்களின் முன் இருப்போர் பெரும்பாலும் பெண்கள்; மேலாளர் நாற்காலிகளிலோ பெரும்பாலும் ஆண்கள்.

மகப்பேற்று விடுமுறைச் சம்பளத்தை வேலை கொடுப்போனே ஏற்க வேண்டுமென்கிறது சட்டம். எனவே மணப்பருவப் பெண்ணை அவன் நட்டக் கணக்கில் எழுதுகிறான். நாளைய தலைமுறையைப் பெற்றெடுப்பது சமுதாயத்தின் பணியெனில், அதன் செலவும் சமுதாயத்தின் பொது நிதியினின்றே வரவேண்டும்.

நம் வீடுகளும் குற்றமற்றவையல்ல. மகனின் பட்டத்துக்குச் சீதனச் சந்தையில் விலை ஏறுகிறது. மகளின் பட்டமோ அவ்விலையைக் குறைக்கவும் உதவுவதில்லை. அவள் உழைத்துவந்த பின்னும் அடுப்படி அவளுக்கே காத்திருக்கிறது.

சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் சர்வதேச உடன்படிக்கையை 1993 இல் இலங்கை ஏற்றது. ஏட்டிலுள்ள அவ்வுறுதி தனியார் தொழிலகத்தின் சம்பளப் பட்டியலில் ஏறட்டும். பிள்ளை பராமரிப்பு நிலையங்கள் எழட்டும். தொழிற்சங்கத் தலைமையிற் பெண்கள் அமரட்டும்.

படியுங்கள் என்று பெண்களுக்குச் சொன்னோம், அவர்கள் படித்துவிட்டார்கள். இனிப் பாடம் கற்கவேண்டியவர்கள் கூலி கொடுப்போரும், வாளாவிருந்த நாமுமே.