வாசல் அமிழ்ந்தால் மேலே பூசாதீர்கள்!



இந்த முறை ஒரு சகோதரியின் கடிதத்தை வைத்துக்கொண்டு உங்களோடு பேசப் போகிறேன். பைராம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது நிபோங் திபால் பக்கம் ஒரு தாமானில், அப்பாவின் சேமநிதிப் பணத்தில் வாங்கிய வீட்டில் குடியிருக்கிறார்.

"வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடம் வருடா வருடம் தாழ்கிறது. வீட்டுப் படிக்கும் தரைக்கும் நடுவே அரையடிப் பள்ளம். போன மாதம் அப்பா கால் இடறி விழுந்து முட்டியில் அடிபட்டுவிட்டது. குத்தகைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, மேலே மூன்று அங்குலம் சிமெண்டு போட்டால் சரியாகிவிடும் என்கிறார். அப்பாவோ, 'எதற்குக் காசைக் கொடுக்கணும், நானே போடுகிறேன்' என்கிறார். என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, அப்பாவைத் தடுக்காதீர்கள். அந்த மூன்று அங்குலத்தைத்தான் தடுக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் ஊர் மண்ணை முதலில் நினைத்துப் பாருங்கள். தென் செபராங் பிறையின் கரையோரம் முழுக்கத் தாழ்ந்த நிலம். பைராம் பக்கத்தில் இன்றும் கடலோரச் சதுப்புக் காடு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தில் கரும்பு போட்டபோது, கால்வாய் வெட்டி, வரப்பு கட்டி, தண்ணீரை வடித்த பிறகுதான் பயிர் நின்றது. அந்தக் கால்வாய்களில் இடுப்பளவு சேற்றில் நின்று மண் வாரிய கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. அடியில் இருப்பது தண்ணீரைக் குடித்து ஊறிய களிமண். அதன் மேல் பாரத்தை வைத்தால் ஈரத் துணியைப் பிழிவதுபோல் தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேறும், மண் சுருங்கும், மேலே இருப்பது இறங்கும். இது ஒரு நாள் இரண்டு நாள் வேலையல்ல, வருடக்கணக்கில் நடக்கும்.

அப்படியானால் வீடு மட்டும் ஏன் இறங்கவில்லை? இப்படிப்பட்ட மண்ணில் வீடு கட்டும்போது, பைல் என்று சொல்லும் காங்கிரீட் தூண்களை மண்ணுக்குள் ஆழமாக இறக்கி, அவற்றின் மேல்தான் வீட்டை உட்கார வைக்கிறார்கள். கார் நிற்கும் தரைக்குப் பெரும்பாலும் அந்தத் தூண் கிடையாது. வீடு தூணின் மேல் நிற்கிறது, வாசல் மண்ணின் மேல் கிடக்கிறது. மண் இறங்கினால் வாசலும் இறங்கும்.

இப்போது குத்தகைக்காரரின் மூன்று அங்குலத்துக்கு வருவோம். பத்தடி அகலம், இருபதடி நீளம் உள்ள வாசலில் மூன்று அங்குலம் காங்கிரீட் போட்டால் அதன் எடை மூன்று டன்னுக்கும் மேல். ஒரு மைவி கார் ஏறக்குறைய ஒரு டன். அதாவது மூன்று கார்களை இரவும் பகலும் அந்த இளகிய மண்ணின் மேல் நிறுத்தி வைத்ததற்குச் சமம். தாழ்கிறது என்று மேலே போடுகிறோம். போட்ட பாரத்தாலேயே இன்னும் தாழ்கிறது. மறுபடி போடுகிறோம். கொசுவை விரட்டக் குளத்தை வெட்டிய கதைதான்.

நான் ஏட்டைப் பார்த்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் என் வீட்டு வாசலில் நானும் இப்படித்தான் பூசினேன். புதுச் சிமெண்டு பளபளவென்று இருந்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தார் கூடப் பாராட்டினார்கள். ஒன்றரை வருடத்தில் சுவரோரமாக நீளமாய் ஒரு வெடிப்பு. தரை வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து, ஒரு ராத்திரி மழையில் கூடத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. உடைத்துப் பார்த்தால் அடியில் கைவிட்டுத் துழாவும் அளவுக்கு வெற்றிடம், எலிக்குடித்தனம், பாதி நசுங்கிய கழிவுநீர்க் குழாய்! பூசியதற்கு ஒரு செலவு, உடைத்து வாருவதற்கு இரண்டு செலவு.

ஆகவே அப்பா மண்வெட்டியைத் தொடுவதற்கு முன், ஒரு பென்சிலை எடுக்கட்டும். தரை வீட்டுச் சுவரைத் தொடும் இடத்தில் நான்கைந்து கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், ஆறு மாதம் கழித்தும் பாருங்கள். கோடு அசையவில்லை என்றால் மண் ஏறக்குறைய அடங்கிவிட்டது என்று பொருள். பழைய தரையை உடைத்து எடுத்துவிட்டுக் காங்கிரீட் போடலாம். கோட்டுக்கும் தரைக்கும் இடைவெளி விழுந்தால் இன்னும் இறங்குகிறது. அப்போது காங்கிரீட் வேண்டாம். கழற்றி மறுபடி அடுக்கக்கூடிய கல்தான் வேண்டும்.

இண்டர்லாக் கல் என்று கடைகளில் விற்கிறார்களே, அதுதான். இது புது யோசனையல்ல. ஹாலந்து நாட்டில் கௌடா என்றொரு ஊர். பாலாடைக்கட்டிக்குப் பேர் போன அந்த ஊரும் இளகிய மண்ணின் மேல்தான் இருக்கிறது, இன்றும் தாழ்ந்துகொண்டிருக்கிறது. அவர்கள் தெருவுக்கு மணலைப் பரப்பிச் செங்கல்லை அடுக்குகிறார்கள். தெரு தாழ்ந்ததும் கல்லைப் பெயர்த்து, மணலைச் சேர்த்து, அதே கல்லைத் திரும்ப வைக்கிறார்கள். மண்ணோடு மல்லுக்கு நிற்காமல் மண்ணோடு ஒத்துப் போகிற புத்தி அது.

இனி வேலை. பினாங்குப் பக்கம் மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய தரையை உடைக்கும்போது தூசியைத் தண்ணீர் தெளித்து அடக்குங்கள். மூக்கு வாயை நல்ல முகக் கவசத்தால் மூடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் எங்கே போகின்றன என்று முன்கூட்டியே பார்த்துவிட்டுத் தோண்டுங்கள். வீட்டை விட்டு வெளியே வரும் இடத்தில்தான் குழாய் ஒடிந்திருக்கும். திறந்திருக்கும்போதே அதைச் சரிசெய்துவிடுங்கள்.

களிமண்ணைத் தோண்டியதும், மண்ணையும் கல்லையும் கலக்கவிடாமல் பிரித்து வைக்கும் துணி ஒன்று விற்கிறது, அதை விரியுங்கள். அதன் மேல் கிரஷர் ரன் கல் ஆறு அங்குலம். ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று மூன்று அங்குலமாகப் போட்டு, வாடகைக்குக் கிடைக்கும் அதிர்வு இயந்திரத்தால் இறுக்குங்கள். பிறகு ஒன்றேகால் அங்குலம் மணலைப் பரப்பி, நீளப் பலகையால் இழுத்துச் சமப்படுத்துங்கள். மணலில் கால் வைக்காதீர்கள். கார் ஏறும் இடத்துக்கு 60 மில்லிமீட்டர் தடிப்புள்ள கல் போதும். மீன்முள் மாதிரி அடுக்கினால் சக்கரம் திரும்பும்போது கல் நகராது. நான்கு ஓரமும் விளிம்புக்கல் வைத்துச் சிமெண்டால் இறுக்குங்கள். ஓரம் விட்டால் எல்லாம் விட்டது. கடைசியில் காய்ந்த நைஸ் மணலை இடுக்குகளில் பெருக்கிவிட்டு இயந்திரத்தை ஒரு முறை ஓட்டுங்கள்.

சரிவை மறக்கக்கூடாது. வீட்டிலிருந்து கால்வாய்ப் பக்கமாக ஐந்தடிக்கு ஓர் அங்குலம் இறங்க வேண்டும். நூல் கட்டி, தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பாருங்கள். ஸ்காட்லாந்துக்காரர் மெக்காடம் இருநூறு வருடங்களுக்கு முன் சாலை போடக் கற்றுக் கொடுத்தபோது அடித்துச் சொன்னதும் இதுதான்: பாரத்தைத் தாங்குவது அடிமண், அது காய்ந்திருந்தால்தான் தாங்கும். தண்ணீரை வெளியேற்றாத வாசல், எந்தக் கல்லைப் போட்டாலும் நிற்காது. ஆனால் வேலிக்கு வெளியே இருக்கும் பொதுக் கால்வாயை நீங்களாக மூடவோ உயர்த்தவோ கூடாது. அதற்கு செபராங் பிறை மாநகர் மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தாழ்ந்த அரையடியையும் மீட்க ஆசைப்படாதீர்கள். கல்லாக இருந்தாலும் சிமெண்டாக இருந்தாலும், எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு பாரம் மண்ணுக்கு. தண்ணீர் ஓடுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் உயர்த்துங்கள். பெரிய சாலைகளில் இந்தப் பாரத்தைக் குறைக்கவே 1972இல் நார்வே நாட்டில், மண்ணுக்குப் பதில் லேசான நுரைக்கட்டிகளை அடியில் அடுக்கிப் பார்த்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். மிச்சமிருக்கும் உயரத்துக்கு ஒரு படி வையுங்கள். அந்தப் படியை வீட்டுச் சுவரோடு சிமெண்டு பூசி ஒட்டாதீர்கள். தரை இறங்கும்போது பிய்த்துக்கொள்ளும். தனியாக வையுங்கள். அப்பா பிடித்துக்கொள்ளும் கைப்பிடியை மட்டும் அசையாத வீட்டுச் சுவரில் அடியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வீட்டுச் சுவரிலேயே வெடிப்பு விழுந்தாலோ, கார் நிறுத்துமிடக் கூரையைத் தாங்கும் தூண் சாய்ந்தாலோ, இது நம் கைவேலையல்ல. அதன் பக்கத்தில் ஒரு கூடை மண்ணைக்கூடத் தோண்டாமல் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சகோதரி, இரண்டு வருடம் கழித்து உங்கள் வாசலில் எங்காவது மறுபடி பள்ளம் விழத்தான் செய்யும். அன்றைக்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. நாற்பது கல்லைப் பெயர்த்து, அடியில் கொஞ்சம் கல்லும் மணலும் போட்டு இறுக்கி, அதே நாற்பதையும் திரும்ப வைத்தால் ஞாயிற்றுக்கிழமை காலை வேலை முடிந்தது. பாரம் தூக்குவது பிள்ளைகள் வேலை. அப்பா நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நூல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். மண்ணையும் தண்ணீரையும் பார்த்தே ஆயுளைக் கழித்தவருக்கு அந்தக் கண் நம்மைவிட நன்றாகவே இருக்கும்.

முதலில் அந்தப் பென்சில் கோடு. மூன்று மாதம் கழித்து என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.