அந்த ‘நாலு பேர்’ யார்?

“நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க.” ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்த, ஒரு காதலை முறிக்க, ஒரு அப்பனைத் தலைகுனிய வைக்க நம் ஊர்களில் இந்த ஒரு வாக்கியம் போதும். இதைச் சொல்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்த நாலு பேர் யார்? அவர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள்? அந்த நாலில் ஒருவராவது என்றைக்காவது சேரிக்காரராக இருந்தது உண்டா?

நான் தருமபுரி மாவட்டம் தீர்த்தமலைப் பக்கத்துக் காலனியில் பிறந்து வளர்ந்தவள். இப்போது முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் ஊரை வெளியே தெரிந்தவர்களுக்கு மலைமேல் இருக்கும் தீர்த்தகிரீசுவரர் கோயில் தெரியும், மாசித் திருவிழா தெரியும். எங்களுக்குத் தெரிந்த ஊர் வேறு. அது பேருந்து நிற்கும் இடத்தில், டீக்கடை பெஞ்சில், பால் சொசைட்டி வாசலில், ரேஷன் கடை வரிசையில் நடக்கும் பேச்சில் இருக்கிறது. அங்கே குச்சிக்கிழங்கு விலை பேசுவார்கள், மழை பேசுவார்கள், தேர்தல் பேசுவார்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு எங்களைப் பற்றிப் பேசுவார்கள்.

எங்களைப் பற்றிய பேச்சில் மூன்றே தலைப்புதான். முதலாவது வீடு: “காலனிக்காரன் டைல்ஸ் போட்டுட்டான், பாத்தியா?” இரண்டாவது வண்டி: “பெங்களூருல சித்தாள் வேலை பாக்கறவனுக்குப் புல்லட் கேக்குது.” மூன்றாவது பெண்: “அந்தப் பையன் இந்தத் தெருப் பக்கம் எதுக்கு வர்றான்?” நான் ஆய்வுக்குச் சேர்ந்த பிறகு என்னைப் பற்றியும் இதே கணக்கில்தான் பேச்சு. சர்க்கார் காசில் படிக்கிறாள், கோட்டாவில் சீட்டு, முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை, யாரோடு சுற்றுகிறாளோ. நெட் தேர்வில் நான் எடுத்த மதிப்பெண்ணை யாரும் பேசியதில்லை.

இதை ‘வெட்டிப்பேச்சு’ என்று ஒதுக்கிவிடுகிறோம். முற்போக்காளர்களும் அப்படித்தான் ஒதுக்குகிறார்கள். நான் சொல்வது இதுதான்: ஊர்ப்பேச்சு சாதியின் முதல் நீதிமன்றம். அரிவாளும் பெட்ரோலும் பிறகுதான் வருகின்றன. அவை வருவதற்கு முன்பே விசாரணை முடிந்திருக்கும், தீர்ப்பும் சொல்லப்பட்டிருக்கும். விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் அது தெரிந்திருக்காது.

பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு இதை வேறு மாதிரி சொல்லித் தருகிறார்கள். மேக்ஸ் கிளக்மேன் என்ற மானுடவியலாளர் 1963இல் எழுதிய கட்டுரையில், புறம்பேசுவது ஒரு குழுவை ஒன்றாகக் கட்டிவைக்கிறது, அதன் ஒழுங்கைக் காக்கிறது என்றார். மலேசியக் கிராமம் ஒன்றை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட், 1985இல் வந்த தன் நூலில், பணக்காரனை எதிர்க்க முடியாத ஏழைக்குப் புறம்பேச்சும் ஓர் ஆயுதம் என்றார். இருவரையும் படித்துவிட்டு அரூர் பேருந்தில் ஊருக்கு வந்து இறங்கினால் ஒரு கேள்வி நிற்கிறது. எந்தக் குழு கட்டப்படுகிறது? யாரை வெளியே வைத்து? இங்கே ஒரு ஊர் இல்லை. ஊர் ஒன்று, சேரி ஒன்று. ஊர்ப்பேச்சு ஊரை ஒன்றாக்குவது சேரியைப் பற்றிப் பேசித்தான். நிலமுள்ளவரும் இல்லாதவரும், பங்காளிச் சண்டைக்காரர்களும் கட்சிச் சண்டைக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுதான்.

இங்கே எனக்கு உதவியவர் அம்பேத்கர். அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி என்று 1916இல், கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே நிறுவினார். சாதியை மீறுகிறவனை ஒதுக்கிவைக்கும் அதிகாரம்தான் சாதியின் கையில் இருக்கும் கொடிய ஆயுதம் என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினார். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் டீக்கடைப் பெஞ்சின் வேலை என்ன என்பது விளங்கும். அகமணத்தைக் காப்பாற்ற ஒவ்வொரு பெண்ணையும் நாள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும். அதற்குப் போலீஸ் போதாது. ஊர்வாய் சம்பளமில்லாமல் அந்த வேலையைச் செய்கிறது.

எங்கள் மாவட்டத்தில் இதற்கான சாட்சி இன்னும் ஆறாமல் இருக்கிறது. 2012இல் நாயக்கன்கொட்டாய் பக்கம், நத்தம் காலனியைச் சேர்ந்த இளவரசனும் வன்னியர் வீட்டுப் பெண் ஒருவரும் மணம் செய்துகொண்டார்கள். அந்தப் பெண்ணின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்த மாவட்டமே அவர் பெயரை வாயில் போட்டு மென்றுவிட்டது, அது போதும். திருமணம் நடந்த பிறகு கட்டப்பஞ்சாயத்து நடந்தது. பெண்ணைத் திருப்பி அனுப்பு என்றார்கள். அவர் வர மறுத்தார். நவம்பர் 7ஆம் தேதி அவருடைய தந்தை தற்கொலை செய்துகொண்டார். சொந்தச் சாதிக்காரர்களின் ஏளனம்தான் அந்த மனிதரை அந்த முடிவுக்குத் தள்ளியது என்று அப்போதே செய்திகள் வந்தன. அவரை ஏசியவர்களே அவருடைய உடலைச் சாலையில் வைத்து நியாயம் கேட்டார்கள். அன்று மாலையே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகளும் கொளுத்தப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன.

எதை எரித்தார்கள் என்று பாருங்கள். பெங்களூரில் கட்டட வேலை பார்த்துச் சேர்த்த காசில் கட்டிய வீடுகளை எரித்தார்கள், வாசலில் நின்ற வண்டிகளை எரித்தார்கள், பீரோக்களை உடைத்து நகையை எடுத்தார்கள். காரணம் ஒரு காதல் என்றால், அந்தக் காதலுக்குச் சம்பந்தமே இல்லாத வீட்டின் பீரோ என்ன குற்றம் செய்தது? ஊர்ப்பேச்சில் வருஷக்கணக்காக வாசிக்கப்பட்ட பட்டியல்தான் அன்றைக்குக் கொளுத்தப்பட்டது. வீடு, வண்டி, பெண். 2013 ஜூலை 4 அன்று தருமபுரி அரசுக் கலைக்கல்லூரிக்குப் பின்னால் தண்டவாளத்தின் ஓரம் இளவரசன் பிணமாகக் கிடந்தார்.

அதே மாதங்களில்தான் டீக்கடைப் பேச்சுக்கு மேடை கிடைத்தது. ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று பாமக நிறுவனர் ராமதாஸ் பேசினார். ‘நாடகக் காதல்’ என்று பெயர் வைத்தார்கள். பெஞ்சில் முணுமுணுக்கப்பட்டது மைக்கில் கொள்கையானது, பிறகு வேறு வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. தலித் இளைஞன் என்ன உடுத்த வேண்டும் என்பதை அரசியல் பிரச்சினையாக்கிய வெட்கக்கேட்டை எந்த ‘நாலு பேரும்’ தப்பாகப் பேசவில்லை.

2015 ஜூன் 23 அன்று ஓமலூர் கோகுல்ராஜ் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் உடன் படித்த கவுண்டர் சாதிப் பெண்ணோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார், கொல்லப்பட்டார், பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் வீசப்பட்டார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்த இரண்டு பேரும் மணம் செய்துகொண்டவர்கள் அல்லர், ஊரை விட்டு ஓடியவர்களும் அல்லர். பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஊர் அவனைப் பற்றி எதுவும் பேசலாம், அவன் ஊர்ப் பெண்ணோடு பேசக் கூடாது. பேச்சுரிமை யாருக்கு என்பதில் இந்த நாட்டின் அரசமைப்புச் சட்டம் ஒன்றைச் சொல்கிறது, ஊர் இன்னொன்றைச் சொல்கிறது.

யாருடைய பேச்சை நம்புவது என்பதிலும் இதே கதைதான். எங்கள் அரூர் வட்டத்தின் வாச்சாத்தியைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அந்த மலையாளிப் பழங்குடிக் கிராமத்தை ‘சந்தனக்கட்டை கடத்துறவங்க ஊர்’ என்று முத்திரை குத்திய பிறகுதான் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் உள்ளே புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊரே சூறையாடப்பட்டது. கடத்தல் என்ற வதந்தியை உடனே நம்பிய சமூகம் அந்தப் பெண்களின் வாய்மொழியை நம்ப 19 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஊர் சொன்னால் அது செய்தி, பழங்குடிப் பெண் சொன்னால் அது புகார், அதற்குச் சாட்சி வேண்டும், அதை அவள் பல ஆண்டுகள் கோர்ட்டு வாசலில் நின்று நிரூபிக்க வேண்டும்.

“அதுக்குத்தான் சொல்றோம், ஊரை விட்டுட்டு சிட்டிக்கு வந்துடுங்க” என்பார்கள் நண்பர்கள். வந்து பார்த்தோம். சென்னையின் புறநகரிலும் பெங்களூரின் புறநகரிலும் வாடகைக்கு வீடு தேடியிருக்கிறேன். அங்கே யாரும் சாதியை நேராகக் கேட்பதில்லை. சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? குலதெய்வம் எது? கறி சமைப்பீர்களா, எந்தக் கறி? நாலாவது கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள். மறுநாள் “வீடு வேற ஒருத்தருக்குப் பேசியாச்சும்மா” என்று தன்மையாகச் சொல்வார்கள். ஊரில் பால் சொசைட்டி வாசலில் நடந்த விசாரணை இங்கே மொட்டைமாடியிலும், அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவிலும், காலை நடைப்பயிற்சியிலும் நடக்கிறது. லிஃப்டில் வேலைக்கார அம்மா ஏறலாமா என்பதைப் பாதுகாப்புப் பிரச்சினை என்பார்கள். மாட்டுக்கறி வாசனையைச் சுகாதாரப் பிரச்சினை என்பார்கள். சொல்கிற சொல் மட்டும் மாறியிருக்கிறது.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அது எங்கள் போராட்டத்தின் பலன், அதை விடமாட்டோம். ஆனால் அது எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்வோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது குற்றமாக வேண்டுமென்றால் அது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள் வெளியாட்கள் இல்லாதபோது சொன்னது இதில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 2016 முதல் சமூகப் புறக்கணிப்பும் குற்றப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் கடையில் சாமான் கொடுக்காமல் இருந்தால் வழக்குப் போடலாம், முதுகுக்குப் பின்னால் பேசியே ஒருவரை ஒதுக்கினால் யார் மீது போடுவது? 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, ஆணவக் கொலைகளுக்குத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க நீதியரசர் கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அரசு அறிவித்தது. தனிச் சட்டம் வரட்டும், வரவேண்டும். கவின் கொலைச் செய்தி வந்த அன்று நான் கேட்ட பேச்சு இது: “அவன் ஏன் அந்தப் பொண்ணுகிட்ட பழகணும்?” கொன்றவனைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. அந்த வாயை எந்தச் சட்டம் கைது செய்யும்?

“சேரியில் மட்டும் புறம்பேசுவதில்லையா?” என்று ஒரு கேள்வி வரும். பேசுகிறோம். களை எடுக்கும்போது எந்தப் பண்ணையாரிடம் தனியாகப் போகக் கூடாது என்று எங்கள் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். எந்த மேஸ்திரி கூலியில் கைவைப்பான் என்று பேசிக்கொள்கிறோம். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் நாங்கள் பிழைத்திருக்க மாட்டோம். ஸ்காட் சொன்ன ஆயுதம் அதுதான். ஆனால் எங்கள் தெருவிலும் படித்த பெண்ணை வேவு பார்க்கும் வாய் இருக்கிறது. அருந்ததியர் வீட்டைப் பற்றி இளக்காரமாகப் பேசும் வாய் இருக்கிறது. அதை நான் மறைக்கமாட்டேன், அதற்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஓர் எளிய அளவுகோல் போதும்: இந்தப் பேச்சு யாரைக் காப்பாற்றுகிறது, யாரைக் காவு கேட்கிறது?

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பது பழமொழி. இது கையாலாகாதவர்களின் பழமொழி. மூட முடியாமல் இருக்கலாம், எதிர்த்துப் பேச முடியுமே. ஊர்ப்பேச்சின் பலமெல்லாம் எல்லோரும் தலையாட்டுவதில்தான் இருக்கிறது. “உனக்கு யார் சொன்னது? நீ பார்த்தியா? அவன் வீடு கட்டினால் உனக்கு என்ன? அந்தப் பெண்ணுக்கு வயது 18 ஆகிவிட்டதா இல்லையா?” என்று ஒருவர் கேட்டால் போதும், பெஞ்சில் ஒரு நிமிடம் அமைதி வரும். அந்த ஒரு நிமிடத்தில் தீர்ப்பு தள்ளிப்போகும்.

இதை நாங்கள் செய்ய முடியாது. நாங்கள் வந்தால் பேச்சு நின்றுவிடும், போனபிறகு தொடரும். ஆதிக்கச் சாதியில் பிறந்து இந்தத் தளத்தைப் படிக்கிற தோழர்களே, உங்களுக்குத்தான் இந்த வேலை. அம்பேத்கர் படத்தை முகப்புப் படமாக வைத்திருக்கிறீர்கள், ஏப்ரல் 14க்குப் பதிவு போடுகிறீர்கள், மகிழ்ச்சி. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் சித்தப்பாவும் பெரியப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து காலனியைப் பற்றிப் பேசுவார்களே, அப்போது என்ன செய்கிறீர்கள்? “பெரியவங்ககிட்ட எதுக்கு வம்பு” என்று எழுந்துபோய் ஃபோன் பார்த்தால், அந்த நாலு பேரில் நீங்களும் ஒருவர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘நாடகக் காதல்’ வீடியோ வரும்போது ஒலியைக் குறைத்துவிட்டு நகர்ந்தால் அதுவும் தலையாட்டல்தான்.

கொலை நடந்த பிறகு கண்டன ஆர்ப்பாட்டத்துக்கு வருகிறீர்கள், வாருங்கள், நன்றி. ஆனால் பிணவறை வாசலுக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பே டீக்கடைக்கு வர வேண்டியிருக்கிறது. அங்கே இப்போதுகூட எங்கள் தெருப் பிள்ளை ஒருவனின் பெயர் அடிபட்டுக்கொண்டிருக்கும். அவன் உயிரோடு இருக்கிறான். அவனுக்காகப் பேச இன்னும் நேரம் இருக்கிறது.