நண்பன் சாவுக்கு ஏன் வருகிறாய் என்பவர்களுக்கு

வெளிநாட்டில் இருப்பவன் நண்பன் சாவுக்கு ஓடி வருவது வீண். செத்தவனுக்குத் தெரியப்போவதில்லை, டிக்கெட் பணத்தை அவன் குடும்பத்துக்கு அனுப்பினால் உதவியாவது ஆகும் என்கிறார்கள்.

ஒன்று. செத்தவனுக்குத் தெரியாது என்பது மகன் வந்தாலும் உண்மைதான். மகனிடம் இதைச் சொல்வீர்களா? மாட்டீர்கள். ஆக, உங்கள் கணக்கு ரத்த உறவுக் கணக்கு. அமீரகத் தொழிலாளர் சட்டமும் அதே கணக்குதான்: கணவனோ மனைவியோ இறந்தால் 5 நாள் விடுப்பு; பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை என்றால் 3 நாள். நண்பனுக்கு ஒன்றுமில்லை. சட்டம் எங்கோ கோடு போட்டாக வேண்டும். நட்பை அளக்க நமக்கு எதற்கு அந்தக் கோடு? வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனைத் தேடிப் பாண்டிய நாட்டிலிருந்து வந்து தானும் வடக்கிருந்த பிசிராந்தையார், அவனுக்கு என்ன முறை? அதுவரை நேரில் பார்த்ததுகூட இல்லையே!

இரண்டு. வருகிறவன் பணம் தரமாட்டான் என்று யார் சொன்னது?

மூன்று. வீடியோ கால் போதுமாம். கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு யாரோ போனை நீட்டுகிறார். ஃப்ரீசர் பெட்டிக் கண்ணாடியில் ட்யூப்லைட் பளிச்சென்று அடிக்கிறது, முகம் தெரியவில்லை. பறைச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது. பிறகு சிக்னல் போய்விடுகிறது. இதுவா கடைசியாகப் பார்ப்பது? பதினெட்டு வயதில் அவன் எப்படி இருந்தான் என்று அவன் பிள்ளைகளுக்குச் சொல்ல அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

லீவு கிடைக்காமல் அங்கேயே அழுகிறவர்களைக் குறை சொல்லவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டவனுக்குப் போன் போட்டு, "எதுக்குடா வர்றே?" என்று கேட்கிறீர்களே, அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.