முன்னரே தந்த உதிரம்

சென்ற வாரம் வகுப்பு முடிந்தபின் மாணவன் ஒருவன் என்னை நாடி வந்தான். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து படிக்க வருபவன். "ஐயா, பிரசவத்தின்போது என் அக்காவுக்கு இரத்தம் மிகுதியாகப் போய்விட்டது. நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். என் இரத்தத்தை எடுக்காமல், முகமறியாத ஒருவருடைய இரத்தத்தை ஏற்றினார்கள். கூடப்பிறந்தவனின் இரத்தத்தைவிட அது எவ்விதத்தில் உயர்ந்தது?" என்று கேட்டான். தாயும் சேயும் நலமே. ஆயினும் அவன் மனத்தாங்கல் தீரவில்லை.

நேயர்களே, இது பல குடும்பங்களில் எழும் கேள்விதான். அன்பு வேறு, பொருத்தம் வேறு. மனித இரத்தம் யாவும் ஒரே வகையன்று என்பதை 1901ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து அறிஞர் கார்ல் லான்ட்ஸ்டைனர் விளக்கினார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிடையேயும் வகை வேறுபடலாம். பொருந்தாத இரத்தம் உட்புகுந்தால் செவ்வணுக்கள் சிதைந்து, சிறுநீரகம் பழுதுற்று, உயிரே போகவும் கூடும். ஆகவேதான் நோயாளியின் இரத்தத்துடன் கொடையாளியின் இரத்தத்தைக் கலந்து பொருத்தம் பார்க்கிறார்கள். அதற்கும் பொறுக்க முடியாத அவசரத்தில், பரிசோதித்து வைத்துள்ள 'ஓ' வகை இரத்தமே கைகொடுக்கிறது.

வகை பொருந்தினால் மட்டும் போதாது. எச்.ஐ.வி., ஈரல் அழற்சியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவை இல்லையென்றும் உறுதி செய்தல் வேண்டும். மிக அண்மையில் தொற்றிய கிருமியோ சோதனைக்கும் அகப்படாதிருக்கலாம்.

2018ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாட்டின் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு ஏற்றிய இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அது ஓர் இளைஞர் தம் உறவினர் ஒருவருக்காகச் சிவகாசியில் கொடுத்த இரத்தம். பரிசோதனையில் நேர்ந்த தவறினால் நல்லதென்று வைக்கப்பட்டிருந்தது. வெளிநாட்டு வேலைக்காகச் செய்த சோதனையில் தம் நிலையை அறிந்த அவர், தாமே முன்வந்து உண்மையைச் சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

உறவினரின் இரத்தம் என்பதனாலேயே அது தூயதாகிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மேலும், கட்டிலருகே உறவுகள் சூழ நிற்கையில், 'எனக்கு இன்ன நோயுண்டு' என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அமைதியாகத் தாமே முன்வந்து கொடுப்பவரோ கேட்ட வினாக்களுக்கெல்லாம் மறைக்காமல் விடை கூறலாம். இதனாலேயே இலங்கையில் 2014 முதல், கைம்மாறு கருதாத தொண்டர்களின் இரத்தமே முழுமையாகப் பெறப்படுகிறது.

நம் மலைப்பாதைகளை எண்ணிப் பாருங்கள். 2021 மார்ச் 20ஆம் நாள் பசறை 13ஆம் கட்டையில் பஸ் வண்டி பள்ளத்தில் வீழ்ந்து, பதினான்குக்குக் குறையாதோர் மாண்டனர், பலர் காயமுற்றனர். அத்தகைய வேளையில் கொடையாளியைத் தேடி, இரத்தம் எடுத்து, சோதித்து முடிக்க அவகாசமேது? செவ்வணுக்களையோ ஐந்தாறு வாரங்களுக்கு மேல் சேமித்து வைக்கவும் இயலாது. ஆகவே இடையறாது கொடுப்போர் வேண்டும். தோட்டத்துத் தாய்மாரும் கர்ப்பக் காலத்துக் கிளினிக்கைத் தவறவிடாது, இரத்தவகையை அறிந்து, இரத்தசோகையை முன்கூட்டியே நீக்கிக்கொள்ளல் நலம்.

"அப்படியானால் என் இரத்தம் பயனற்றதா, ஐயா?" என்றான் மாணவன்.

"அல்லவே! பதினெட்டு வயது நிரம்பி, உடல்நலமும் போதிய எடையும் இருந்தால் பதுளை இரத்த வங்கிக்குப் போ. உன் அக்காவுக்கு உதிரம் தந்தவர், அவள் நோவு காணும் முன்னரே தந்துவிட்டார். நீயும் அவ்வாறே யாரோ ஒரு தமக்கைக்கு முன்னரே தந்து வை" என்றேன்.

அவனுக்கு அடுத்த மாதம் பதினெட்டு நிறைகிறதாம்.