கூரையில் வெயில், குளியலறையில் மின்சாரமா?

கண்டியிலே மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை எழுந்து குளிப்போருக்குச் சுடுநீர் ஆடம்பரமன்று. குழந்தைக்கும் முதியவருக்கும் அது அத்தியாவசியம். பால் வாளிகளைக் கழுவும் குண்டசாலைக் கமக்காரனுக்கு அது தொழிலின் ஓர் அங்கம். அதனைப் பெற நாம் கண்ட வழி யாது? நகரத்தில் மின்சாரக் கொதிகலன். தோட்டத்து லயங்களில் பெண்கள் தலையிற் சுமந்து வரும் விறகு. கட்டணமின்றிப் பொழியும் வெயிலோ கூரையைச் சுட்டுவிட்டு வீணே கழிகின்றது.

மலைநாட்டு நீர் 1950 முதல் லக்சபானாவிலும், 1985 முதல் விக்டோரியாவிலும் மின்சாரமாகி நாடெங்கும் செல்கின்றது. அம்மலைகளின் நடுவே வாழும் மக்களும் 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டுக்கு ஆளாயினர். அவ்வாண்டு ஓகஸ்ட்டில் கட்டணம் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது. பின்னர் அது இறங்கியதுமுண்டு, ஏறியதுமுண்டு. 150 லீற்றர் நீரின் சூட்டை 30 பாகை உயர்த்த ஏறத்தாழ 5 அலகு மின்சாரம் வேண்டும். நாள்தோறும் அவ்வளவு நீரைச் சூடாக்கும் வீட்டார் மாதக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கட்டும்.

சூரிய நீர் சூடாக்கி பூட்டியும் பயனில்லை என்பாரும் உளர். அவர்கள் கூற்றை நாம் தள்ளிவிடவில்லை. அத்தகைய ஒரு வீட்டை நாம் நேரிற் சென்று பார்த்தோம். மழை நாளுக்கென்று தாங்கியினுள் வைத்த மின்சுருளின் ஆளி இரவு பகலாகப் போட்டபடியே கிடந்தது! விடியுமுன்னே மின்சாரம் நீரைக் காய்ச்சிவிட்டால் சூரியனுக்கு அங்கே வேலை ஏது?

குற்றம் வெயிலினதன்று, பூட்டியவரதும் பராமரியாதவரதுமாகும். சூடேறிய நீர் இலேசாகி மேலே செல்லும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்பதே இக்கருவியின் தத்துவம். ஆதலால் பம்பியில்லாத அமைப்பில் சுடுநீர்த் தாங்கி வெயிலேற்கும் தட்டுக்கு மேலேயும், குளிர்நீர்த் தொட்டி அதற்கும் மேலேயும் இருத்தல் வேண்டும். ஏப்ரில் இரண்டாம் வாரம் முதல் செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகற் சூரியன் கண்டிக்குச் சற்று வடக்கே நிற்பது உண்மை. எனினும் சுடுநீர் மிக வேண்டிய குளிர்மாதங்களில் அது தெற்கே சாய்கின்றமையால், தட்டும் ஏறக்குறைய 15 பாகைச் சரிவில் தெற்கு நோக்குவதே நன்று. ஹந்தானை மலையின் நிழலோ, பக்கத்து வளவுப் பலாமரத்தின் நிழலோ காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்குமிடையில் அதன்மீது விழுமாயின் பணம் வீணே. 200 லீற்றர் நீர் மட்டுமே 200 கிலோகிராம் நிறையுடையது. பழைய ஓட்டுவீட்டு மரங்கள் அதைத் தாங்குமாவென்று தச்சரைக் கேளாமல் ஏற்றுதல் ஆபத்து. ஆவிபோகும் குழாயை ஒருபோதும் அடைக்கலாகாது. மழைக்காலப் பாசியையும் கோடைத் தூசியையும் கண்ணாடியிலிருந்து துடைத்தல் வேண்டும். அதையும் வெயில் ஏறுமுன் செய்தல் வேண்டும். தாங்கி துருப்பிடியாதிருக்க உள்ளே ஒரு மக்னீசியக் கோல் உண்டு. அது தானே கரைந்து தாங்கியைக் காப்பது. ஈராண்டுக்கொருமுறையேனும் பார்த்து மாற்றத்தக்கது. இப்படியொரு கோல் இருப்பதையே பலர் அறியார். திகனப் பக்கம் போன்று சுண்ணச்சத்துள்ள கிணற்று நீரை எடுப்போர், குழாயினுள் படியும் காரையை ஆண்டுதோறும் அகற்றுவித்தல் நலம்.

இவற்றையெல்லாம் வீட்டுக்காரனுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? 2016இல் அரசாங்கம் கூரைச் சூரிய மின்சாரத்துக்கு ஓர் இயக்கமே தொடங்கியது. சுடுநீருக்கும் அந்த ஊக்கம் வேண்டுமென்கின்றோம். பெங்களூர் மின்விநியோக நிறுவனம் 2007இல், குறித்த அளவுக்கு மேற்பட்ட புதிய வீடுகளுக்கு இக்கருவியின்றி மின்னிணைப்பில்லை என விதித்தது. அத்துணைக் கட்டாயத்தை நாம் இங்கு வேண்டவில்லை. வீட்டுப்படத்துக்கு அனுமதி வழங்கும்போதே கூரையில் இடமும், சுவரினுள் சூடு காக்கும் உறையிட்ட குழாயும் விடப்பட்டுள்ளனவா என்று கண்டி மாநகரசபையார் பார்த்தாற் போதும். சுவரெழுப்பும்போது சிறு செலவு. பின்னர் உடைத்துச் செய்வதோ பெருஞ்செலவு. தொழில்நுட்பக் கல்லூரிகள் இவ்வேலைக்கு நம் இளைஞரைப் பயிற்றலாம். தமிழும் ஆட்சிமொழியாகி 1987இலிருந்து பல்லாண்டுகள் சென்றுவிட்டன. பராமரிப்புக் குறிப்பும் உத்தரவாதப் பத்திரமும் தமிழிலும் வழங்கப்படுதல் வேண்டுமென்று விற்பனையாளரை அரசாங்கம் பணித்தால் என்ன?

அதுவரையில் வாங்க எண்ணுவோருக்கு ஒன்று சொல்வோம். விலையைப் பேசுமுன், அடுத்த ஆண்டு அந்தக் கோலை மாற்றக் கூரையேறி வரப்போகின்றவர் யாரென்று விற்பவரைக் கேளுங்கள். அவர் பெயரை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.