சோல்பெர்க் ஓடுபாதைக்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், ரெடிங்டன் என்ற ஊரில் 700 ஏக்கருக்கும் மேலான நிலத்தில் அமைந்திருக்கிறது சோல்பெர்க் விமான நிலையம். கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. இறங்க வருபவரும் கிளம்புபவரும் பொது அலைவரிசையில் தாங்களே அறிவித்துக்கொள்கிறார்கள். 1935இல் நியூயார்க்கிலிருந்து நார்வேக்குச் சிறு விமானத்தில் பறந்த தோர் சோல்பெர்க் உருவாக்கியது இது. அவருக்குப் பின் பிள்ளைகள் நடத்திவந்தார்கள்.

ஓடுபாதையை நீட்டும் திட்டம் வந்தபோது, ஜெட் விமானங்கள் வந்துவிடும் என்று ஊர் அஞ்சியது. 2006இல் உள்ளாட்சி நிர்வாகம் நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்த முனைந்தது, அதற்கான 2.2 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்களும் ஒப்புதல் அளித்தார்கள். திறந்தவெளியைக் காப்பது என்பது வெளிக்காரணம்தான், விமான நிலையத்தைக் கட்டுப்படுத்துவதே நோக்கம் என்று 2015இல் நீதிமன்றம் அந்த நடவடிக்கையைத் தள்ளுபடி செய்தது. 2017இல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது.

தீர்ப்பு சரியானது. ஆனால், ஊர்க்காரர்களின் புகாரை ஒதுக்கிவிட முடியாது. பயிற்சி விமானம் தரையைத் தொட்ட வேகத்தில் எழும்பி, வட்டமடித்து, மீண்டும் அதே வீட்டுக் கூரைக்கு மேல் வரும். சிறு விமானங்கள் பல இன்னும் ஈயம் கலந்த பெட்ரோலில்தான் ஓடுகின்றன. இவை நேர்மையான பதில் கேட்கும் கேள்விகள்.

அதே நேரம், இப்படிப்பட்ட இடங்களில்தான் ஒரு விமானி உருவாகிறார். இறக்கையின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைச் சிறு குப்பியில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார் மாணவர். நிறம் நீலமாக இருக்க வேண்டும்; அடியில் தண்ணீர் தங்கியிருக்கக் கூடாது. அமெரிக்காவில் பயணிகள் விமானத்தில் விமானியாகச் சேரப் பொதுவாக 1,500 மணி நேரப் பறத்தல் தேவை. அதன் முதல் மணி நேரங்களைப் பெரிய விமான நிலையங்களின் நெரிசலில் பழகுவது கடினம், செலவும் அதிகம்.

இவ்வளவு பொதுப்பயன் உள்ள இடம் ஒரு குடும்பத்தின் மனவுறுதியை மட்டும் நம்பி இருப்பது எனக்குக் கவலை தருகிறது. நாளை வாரிசுகள் வீட்டுமனைக்கு விற்க நினைத்தால் நீதிமன்றத் தீர்ப்பு குறுக்கே நிற்காது. அரசுடைமை ஆக்கினால் போதும் என்றும் சொல்வதற்கில்லை: சிகாகோ நகர நிர்வாகமே நடத்திவந்த மெய்க்ஸ் ஃபீல்டு விமான நிலையத்தின் ஓடுபாதையை 2003 மார்ச் மாதம் ஓர் இரவில் புல்டோசர் வைத்துத் தோண்டிப்போட்டவர் அந்த நகரத்தின் மேயர்.

நியூஜெர்சியில் பண்ணை நிலங்களுக்கு ஒரு வழி நடைமுறையில் இருக்கிறது. நிலம் உழவரிடமே இருக்கும். அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் அரசு விலை கொடுத்து வாங்கிவிடுகிறது. தனியார் ஓடுபாதைகளுக்கும் மாநில அரசு இதைப் பரவலாகச் செய்ய வேண்டும், உரிமையாளரின் சம்மதத்தோடு. ஓடுபாதையின் நீளத்தையும் இரவுப் பயிற்சி நேரத்தையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். ஊர்க்காரர்களின் அச்சத்துக்கும் அங்கேயே பதில் கிடைக்கும். குடும்பம் விற்க மறுத்துக்கொண்டிருக்கும் காலத்திலேயே இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும். மனை வணிகர் வந்து விலை பேசிய பிறகு அரசால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாது.